மோட்டார் புத்தகத்தில் ஒரு கையெழுத்து

சலவைக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து துணி திருத்தும் அவளுக்கு அந்த வட்டாரத்தில் பாதிப் பேரைத் தெரியும், முகம்தான் தெரியாது. இடுப்பளவு தெரியும், கால் நீளம் தெரியும், சாவிக்கொத்தை எந்தப் பக்கப் பையில் போட்டுத் துணியை ஓட்டையாக்குகிறார்கள் என்று தெரியும். முன்பக்கம் கடைக்காரம்மா துணியை வாங்கி, ஒரு சீட்டைக் குண்டூசியால் குத்தி, திரைக்கு இந்தப் பக்கம் தள்ளிவிடுவார். சீட்டில் ‘கால் ஒன்றரை அங்குலம் குறைக்க’ என்றோ ‘ஜிப் மாற்ற’ என்றோ இருக்கும். அவ்வளவுதான் பேச்சு. பதினேழு வருஷமாக அந்த வேலை அவளுக்குச் சலிக்காமல் இருப்பதற்கும் அதுதான் காரணம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். நாலு பேர் கூடிய இடத்தில் யாராவது தன்னிடம் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று தூண் மறைவைத் தேடுகிறவள். வாய் செய்யாத வேலையையும் சேர்த்துக் கண் செய்தது.

கணவர் இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். அவருக்குப் பேச்சில் பஞ்சமே கிடையாது. வீட்டில் இரண்டு பேர் பேச வேண்டியதையும் அவரே பேசி முடித்துவிடுவார்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் ரப்பராக இழுபட ஆரம்பித்தன. அந்தச் சமயத்தில் கடையில் கண் பரிசோதிக்கும் டாக்டர் அவரிடம், “நாள் முழுக்கக் கைக்கெட்டற தூரத்தையே பார்த்துட்டிருக்கீங்க. வாரத்துல ஒரு நாளாவது வெளிய போய்த் தூரத்துல இருக்கறதைப் பாருங்க” என்றார். அதை மனைவிக்கும் சேர்த்து எழுதிய சீட்டாக எடுத்துக்கொண்டு, தூரத்தில் எதைப் பார்ப்பது என்று ஃபோனில் தேடியவருக்கு அகப்பட்டதுதான் ஜியோகேச்சிங்.

விளையாட்டு இவ்வளவுதான். யாரோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியைப் பொது இடத்தில் ஒளித்து வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தின் எண்களை ஆப்பில் போடுவார். ஃபோனில் வரும் அம்புக்குறி நம்மைப் பத்துப் பதினைந்து அடி வரை கூட்டிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு நம் கண்ணும் கையும்தான். பெட்டிக்குள் ஒரு குறிப்பேடு இருக்கும். தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், கண்டுபிடித்ததை ஆப்பிலும் பதிய வேண்டும். பெரிய பெட்டியாக இருந்தால் சின்னச் சின்னச் சாமான்கள் கிடக்கும்; பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். பிறகு மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, போகிற வருகிறவர்கள் கண்ணில் படாமல் நழுவ வேண்டும்.

“வேலையத்த வேலை” என்றாள் அவள், முதல் நாள்.

அன்றைக்கே முதல் பெட்டியை அவள்தான் எடுத்தாள். பாலத்துக் கைப்பிடியில் வரிசையாக இருந்த போல்ட்டுகளில் ஒன்று மட்டும் துருப்பிடிக்காமல் இருந்தது. கணவர் ஃபோனைத் தட்டில் வைத்த சூடம்போல ஏந்திக்கொண்டு வட்டமடித்துக் கொண்டிருந்தார். அவள் போய் அந்த போல்ட்டைத் திருகி எடுத்து, உள்ளே சுருட்டி வைத்திருந்த தாளோடு அவர் கையில் வைத்தாள். ஒட்டுப் போட்ட இடம் எங்கே என்று தேடுவதே பிழைப்பாக இருப்பவளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

அதிலிருந்து வேலை பிரிந்துவிட்டது. நடத்திக் கூட்டிப்போவது அவர், கண்டுபிடிப்பது அவள், எழுதுவது அவர். கடையில் லென்ஸின் மையத்தைக் குறிக்கும் சிவப்புப் பேனா எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும், அதில்தான் எழுதுவார். இருவருக்கும் சேர்த்து ‘ஊசியும் கண்ணாடியும்’ என்று விளையாட்டுப் பெயர் வைத்திருந்தார்கள். இடம் குறைவாக இருந்தால் ‘ஊ.க.’ என்று மட்டும் எழுதுவார். பெட்டிக்குள் விட்டு வருவதற்கென்று அவள் வெட்டுத்துணியில் கட்டைவிரல் அளவுக் குருவிகள் தைத்து வைத்திருப்பாள்.

இந்த விளையாட்டுக்காரர்கள் மாதம் ஒரு ஞாயிறு காலையில் எங்காவது ஒரு பூங்காவில் கூடுவார்கள். இருபது பேர் வருவார்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஒருவர்தான் எல்லாரையும் கூட்டிச் சேர்ப்பவர். பாதிப் பேச்சில் “கண்ணாடியைப் பாருங்க, பின்னால ஆள் வருது” என்று பழக்கதோஷத்தில் சொல்வார். முதல் மூன்று கூட்டங்களில் அவள் ஓரத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல் உட்கார்ந்திருந்தாள். நாலாவது கூட்டத்தில் ஒரு பல் டாக்டரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நீங்க பேசவே வேண்டாம்க்கா. நான் பொழுதன்னைக்கும் பேச முடியாதவங்க கூடத்தான் பேசிட்டிருக்கேன். எனக்கு அதுதான் சௌகரியம்” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு பேசாமல் இருக்க முடியுமா? டாக்டரம்மாவின் கோட்டில் இடது கை நீளம் கால் அங்குலம் கூடுதல் என்று சொன்னாள். டாக்டரம்மா அவளுடைய கடைவாய்ப்பல் ஒன்றைப் பற்றிச் சொன்னார். அதிலிருந்து ஓரத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்கு ஆள் உண்டு. நாற்பத்து நாலு வயதில் அவளுக்குக் கிடைத்த முதல் சிநேகிதி அவர்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டரம்மா கால்வாய்க் கரைப் பூங்காவில் புதிதாக ஒரு பெட்டி ஒளித்தபோது, அது அவர்களுக்கு நூறாவதாக அமைந்தது. குறிப்பில் ‘முழங்கால் உயரம், பெட்டி சின்னது’ என்று மட்டும் போட்டிருந்தார். அம்புக்குறி ஒரு மோட்டார் கொட்டகையின் பின்பக்கம் கொண்டு போய் விட்டது. சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு செங்கல் உருவப்பட்டு, அந்தப் பொந்துக்குள் மூடி போட்ட சோற்று டப்பா ஒன்று இருந்தது.

“இதையா சின்னதுன்னு போட்டிருக்காங்க?” என்றாள் அவள்.

“பல் டாக்டருக்கு எல்லாமே சின்னதுதான். வலிக்கவே வலிக்காதுன்னு சொல்ற ஆளுங்க” என்றார் அவர்.

உள்ளே எழுதிய பக்கம் மேலே இருக்கும்படி மடித்துவைத்த ஒரு நோட்டு, கயிற்றில் கட்டிய பென்சில், உள்ளங்கை அளவில் ஒரு பித்தளைச் சக்கரம். அந்தப் பக்கத்தில் தேதி, நேரம், கையெழுத்து. மாற்றி மாற்றி அதே இரண்டு பேர்.

“ஒரு பெட்டியை ஒரு தடவை கண்டுபிடிச்சா போதாதா? தினமும் எதுக்கு வர்றாங்க?”

“இடம் புடிச்சுப் போயிருக்கும்மா. நீ வேற, துருவித் துருவி.”

நூறாவதாயிற்றே என்று அவர் சிவப்பு மையில் விரிவாகவே எழுதினார்: ‘நேரில் பார்த்தோம். அனைத்தும் சரியாக உள்ளது. பராமரிப்பு அருமை. இப்படியே தொடரட்டும். – ஊ.க.’ கீழே வாலைச் சுழற்றி ஒரு கையெழுத்து. சக்கரம் அவளுக்குப் பிடித்திருந்தது. எடுத்துக்கொண்டு ஒரு நீலக் குருவியை வைத்தாள். அன்றிலிருந்து அது தையல் மிஷின்மேல் துணி பறக்காமல் பாரம் வைக்கப் பயன்பட்டது.

ஒன்பதாம் நாள் மாலை டாக்டரம்மாவிடமிருந்து ஃபோனில் செய்தி வந்தது. ‘அக்கா, என் பெட்டிக்குப் புதுத் தாள் வைக்கப் போயிருந்தேன். உங்க கையெழுத்து அதில் இல்லையே. பார்க்காமலே பார்த்ததாப் போட்டுட்டீங்களா?’

கடைசியில் சிரிக்கிற பொம்மை எதுவும் இல்லை. டாக்டரம்மா எல்லாச் செய்திக்கும் அதைப் போடுகிறவர்.

போன வருஷம் ஒருவர் வீட்டிலிருந்தபடியே முப்பது பெட்டிகளைக் கண்டுபிடித்ததாகப் போட்டு மாட்டிக்கொண்டார். யாரும் அவரைத் திட்டவில்லை. அடுத்த கூட்டத்தில் அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருந்தது, அவ்வளவுதான். அதற்கடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அந்த இரண்டு நாற்காலிகளையும் அவள் பார்த்திருந்தாள்.

“நாம போட்டோம்ல? அரைப் பக்கம் போட்டேனே” என்றார் கணவர். “நம்பாட்டிப் போகட்டும். இந்த விளையாட்டு இல்லேன்னா வேற விளையாட்டு. கேரம் போர்டு வாங்கிக்கலாம்.”

மறுநாள் கடையில் ஒருவருடைய பேண்ட்டில் ஒரு காலை மட்டும் இரண்டு தடவை குறைத்துவிட்டாள். கடைக்காரம்மா திரையை விலக்கி, “என்ன, இவர் ஒத்தைக் காலைத் தூக்கிக்கிட்டே நடக்கணுமா?” என்று கேட்டபோது, மதியத்துக்கு மேல் விடுப்பு கேட்டாள். பதினேழு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் விடுப்பு என்பதால் கடைக்காரம்மா காரணம் கேட்கவே மறந்துபோனார்.

பூங்காவுக்குத் தனியாகத்தான் போனாள். கொட்டகையின் கிழக்குப் பக்கத்துப் பூச்செடிகள் வாடியிருந்தன. மேற்குப் பக்கம் பச்சைப் பசேல் என்றிருந்தது. பொந்தில் டப்பா இருந்தது. நோட்டு இருந்தது, சிவப்பு மை இருந்தது, அவர்கள் கையெழுத்தும் வால் குறையாமல் இருந்தது. இந்தத் தடவை அவள் நோட்டைப் புரட்டி மேலட்டையைப் பார்த்தாள்.

‘மோட்டார் இயக்கப் பதிவேடு. வெளியாட்கள் தொடக் கூடாது.’

டப்பாவை வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று நினைப்பதற்குள் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். காக்கிச் சட்டை போட்ட மோட்டார்காரர், ஐம்பது வயதிருக்கும், கையில் தண்ணீர் வாளி. நோட்டும் கையுமாக அவளைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“வணக்கம் மேடம். வருவீங்கன்னு தெரியும். சார் வரலீங்களா?”

“எந்த சார்?”

“சிவப்பு மை சார். ஊ.க. ஊழியர் கண்காணிப்புதானுங்களே? நானும் அடுத்த ஷிஃப்ட் ஆளும் கண்டுபிடிச்சுட்டோம்.” குரலைத் தாழ்த்தினார். “மேடம், அன்னிலேர்ந்து நாங்க ஒரு நிமிஷம் லேட் இல்ல. மோட்டாரைத் தொடச்சு எண்ணெய் போட்டாச்சு. ஒட்டடை அடிச்சாச்சு. கொட்டகை ஒழுகுதுன்னுதான் நோட்டை இந்தப் பொந்துல வெக்கறோம். தப்புன்னா சொல்லுங்க, மாத்திடறோம். எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிட்டு வால்வுச் சக்கரத்தை மட்டும் ஏன் எடுத்துட்டுப் போனாருன்னுதான் புரியல.”

அவள் நோட்டைத் திரும்ப டப்பாவில் வைத்தாள்.

“பதிலுக்கு ஒரு குருவியை வெச்சுட்டுப் போயிருக்காரு. அதுக்கு என்ன அர்த்தம்னு ஒன்பது பத்து நாளா மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டிருக்கோம். வேலை பறந்துடும்னு சொல்லாம சொல்றாருங்கறான் அடுத்த ஷிஃப்டுக்காரன். அவனுக்கு அன்னிலேர்ந்து சோறு இறங்கல.”

கொட்டகை ஜன்னல் கம்பியில் நீலக் குருவி நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மோட்டார் பளபளவென்று இருந்தது. சக்கரம் இல்லாமல் கிழக்குப் பக்க வால்வைத் திறக்க முடியாமல், இந்த மனிதர் அத்தனை நாளும் வாளியில் தண்ணீர் சுமந்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“அண்ணே” என்றாள். “நாங்க ஆபீசர் இல்ல. நான் துணி திருத்தறவ. அவரு மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பார்க்கறாரு. பெட்டி தேடி விளையாடறது எங்க பொழுதுபோக்கு. உங்க நோட்டைத் தப்பா எடுத்துட்டோம்.”

மோட்டார்காரர் அவளைப் பார்த்தார், குருவியைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார்.

“அப்ப நான் ஒட்டடை அடிச்சது?”

“வீண்தாண்ணே.”

அவர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். வெகுநேரம் சிரித்தார். “அவனுக்குச் சொல்லணும். இல்ல, ரெண்டு நாள் கழிச்சுச் சொல்றேன். நேரத்துக்கு வர்றான் பாவி.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தங்கச்சி, சக்கரம் பத்திரமா இருக்குல்ல?” என்று கேட்டார். மேடம் தங்கச்சியானதில் அவளுக்கு மூச்சு திரும்பியது.

மறுநாள் காலை கடைக்குப் போகும் முன்பே சக்கரத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். டாக்டரம்மாவிடம் காட்ட, தாங்கள் எழுதிய நோட்டுப் பக்கத்தை ஃபோனில் படமெடுக்கக் கேட்டபோது மோட்டார்காரர் மறுத்துத் தலையை ஆட்டினார்.

“ஆபீஸ் நோட்டு, படம் எடுத்தா வம்பு. வெளிய கொண்டுபோகவும் கூடாது. பார்க்கணும்கறவங்களை இங்க கூட்டிட்டு வாங்க, நான் காட்டறேன். அப்படியே தெரியாம எழுதிட்டோம்னு நீங்களும் கீழ ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போகணும்.”

விஷயம் வீட்டில் வெடித்தது.

“கூட்டிட்டுப் போய்க் காட்டறதா? உனக்கென்ன மூளை குழம்பிப் போச்சா? மோட்டார் நோட்டுல ‘பராமரிப்பு அருமை’ன்னு எழுதி, வால்வையும் திருடிட்டு வந்த ஆளுன்னு தெரிஞ்சா நான் அந்தக் கூட்டத்துல தலை காட்ட முடியுமா? பொய் சொல்றவன்னு நினைச்சாக்கூடப் பரவாயில்ல. அதுல ஒரு சாமர்த்தியமாவது இருக்கு.”

“எனக்கு அப்படி இல்லீங்க.”

“சிரிப்பாங்கம்மா.”

“சிரிக்கறவங்க பக்கத்துல உட்காருவாங்க” என்றாள் அவள். “நீங்க வர வேண்டாம். நான் சொல்லிக்கறேன்.”

மனைவி நாலு பேர் முன்னால் பேசப் போகிறாள் என்பது அவருக்கு வால்வு விஷயத்தைவிடப் பெரிய விஷயமாக இருந்தது.

அவள் டாக்டரம்மாவுக்கு எழுத அரை மணி நேரம் பிடித்தது. ‘கையெழுத்துப் போட்டோம். காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைக் கால்வாய்ப் பூங்காவில் வைக்கச் சொல்லுங்கள்.’ பதில் ஒற்றைச் சொல்லில் வந்தது: ‘சரி.’

ஞாயிற்றுக்கிழமை இருபது பேரும் வந்திருந்தார்கள். கணவரும் வந்திருந்தார், ஆனால் ஒரு மரத்துக்குப் பின்னால். டாக்டரம்மா தள்ளி நின்று கைப்பையில் எதையோ தேடுவதுபோல் இருந்தார். டிரைவிங் ஸ்கூல்காரர், “அக்கா ஏதோ சொல்லணுமாம், வண்டியை ஓரங்கட்டுங்க எல்லாரும்” என்றார். அத்தனை முகங்களும் திரும்பின. அவள் முகங்களைப் பார்க்காமல் துணிகளைப் பார்த்தாள். ஒரு பிரிந்த தையல், ஒரு மாற்றுப் பொத்தான், டாக்டரம்மாவின் கோட்டுக் கை. இவர்களை அவளுக்குத் தெரியாதா என்ன?

“எங்க நூறாவது பெட்டி…” என்று ஆரம்பித்தாள். “கேக்கல” என்றார் பின்னாலிருந்து ஒருவர். “எங்க நூறாவது பெட்டி பெட்டியே இல்லீங்க” என்றாள், கொஞ்சம் உரக்க. “மோட்டார் போடறவங்க நோட்டு. அதுல கையெழுத்துப் போட்டு, நல்லாப் பராமரிக்கறீங்கன்னு பாராட்டியும் எழுதிட்டு வந்துட்டோம். சிவப்பு மையில. அவங்க பாவம், மேலிடத்துலேர்ந்து ஆள் வந்துட்டுப் போச்சுன்னு பத்து நாளா பயந்து வேலை பார்த்திருக்காங்க.”

டிரைவிங் ஸ்கூல்காரர் சிரிப்புத் தாளாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு ஒவ்வொருவராகத் தொற்றிக்கொண்டு போனது. “இன்னும் இருக்கு” என்றாள் அவள். அதற்குள் அவளுக்கே குஷி பிறந்துவிட்டது. வால்வுச் சக்கரத்தைச் சொன்னாள். குருவிக்கு அடுத்த ஷிஃப்டுக்காரர் சொன்ன அர்த்தத்தைச் சொன்னாள். ஒட்டடையையும், ‘ஊ.க.’வுக்கு அவர்கள் கண்டுபிடித்த அர்த்தத்தையும், மோட்டார்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டதையும் சொன்னாள். தான் நின்று நிதானித்து, எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பதை அவளே கவனித்தாள்.

எல்லாரும் கொட்டகைக்குப் போனார்கள். மோட்டார்காரர் தலையை வாரிக்கொண்டு தயாராக நின்றார்; நோட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பக்கத்தைக் காட்டினார். “தள்ளாதீங்க, எல்லாருக்கும் காட்டறேன்.” டாக்டரம்மாவின் முறை வந்தபோது அவர் அந்தச் சிவப்பு வரிகளை இரண்டு தடவை படித்தார்.

“என்னை மன்னிச்சிடுங்கக்கா. நேர்ல வந்து கேட்டிருக்கணும். அப்படி ஒரு செய்தி அனுப்பிட்டு நானும் ஒரு வாரமாச் சரியா தூங்கல.”

“சின்னதுன்னு எழுதியிருந்தீங்களே, அதை நாங்க நம்பல. நீங்க பல் டாக்டர்னு” என்றாள் அவள்.

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சட்டென்று, “ஐயோ, அப்ப என் பெட்டியை நீங்க இன்னும் பார்க்கவே இல்ல. இங்கதான் பத்தடி தள்ளி. வாங்க, இப்பவே எடுத்துக் கையெழுத்துப் போட்டுடுங்க, நூறு நூறாவே இருக்கட்டும்” என்று கையைப் பிடித்தார்.

“வேண்டாம் டாக்டரம்மா. எங்களுக்குத் தொண்ணூத்தொன்பதுதான். அடுத்த வாரம் வந்து நாங்களே தேடிக்கறோம். நீங்க காட்டிடாதீங்க.”

அவள் பென்சிலை வாங்கி, இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, சிவப்பு மைக்குக் கீழே எழுதினாள்: ‘மேலே உள்ளது தெரியாமல் எழுதியது. மன்னிக்கவும்.’ கொஞ்சம் யோசித்து, ‘ஆனால் பராமரிப்பு அருமைதான்’ என்று சேர்த்தாள். மோட்டார்காரர் அதை வாய்விட்டுப் படித்து, தேதி போடச் சொன்னார். மரத்துக்குப் பின்னாலிருந்து மெல்ல வெளிப்பட்ட கண்ணாடிக்காரரை, “ஊ.க. சார் வராரு, எல்லாரும் பொத்தானைப் போட்டுக்குங்க” என்று டிரைவிங் ஸ்கூல்காரர் வரவேற்றார். இனி ஆயுசுக்கும் அந்தப் பெயர்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து நிமிஷம் முறைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவரும் ஒரு வட்டத்துக்கு நடுவில் நின்று, அந்தச் சிவப்பு வரிகளை எழுதும்போது தன் மனதில் என்ன ஓடியது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் அவள் பக்கம் சாய்ந்தார்.

“ஒண்ணு சொல்லட்டா? பத்தடி தள்ளின்னு சொன்னப்ப டாக்டரம்மா கண்ணு எங்க போச்சுன்னு நான் பார்த்துட்டேன்.”

“சொல்லாதீங்க.”

“அந்த வேலி…”

“சொல்லாதீங்கன்னேன்ல.”

அவர் அதிசயமாக வாயை மூடிக்கொண்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேலியில் வாசலிலிருந்து மூன்றாவது கம்பம்; முழங்கால் உயரத்தில் ஒரு மூடி, மற்றதைவிடப் பெயின்ட் புதிது. டாக்டரம்மாவின் கண் அங்கே போவதற்கு முன்பே அவள் கண் அங்கே போய்வந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேடலை எதிர்க் கோடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். குறைந்தது ஒரு மணி நேரமாவது ஆக வேண்டும்.